கங்கைக் கரையின் மூன்று மண்

கொல்கத்தா நகரில் சியால்தா ரயில் நிலையத்துக்கு அருகே கோலே மார்க்கெட் என்னும் மொத்தக் காய்கறிச் சந்தை இருக்கிறது. பொழுது புலருமுன்னரே அங்கே கூடைகளும் சாக்குகளும் வந்து குவியத் தொடங்கும். ஹூக்ளி மாவட்டத்து உருளைக்கிழங்கு ஒரு பக்கம். நகரின் கிழக்கு எல்லையிலுள்ள தாபா வயல்களின் காலிஃபிளவரும் கீரையும் ஒரு பக்கம். தெற்கே கானிங் பாதை ரயிலில் வந்து இறங்கும் மிளகாயும் பூசணியும் மற்றொரு பக்கம். தொழிலின் பொருட்டுத் தமிழகத்தினின்று வந்து இந்நகரில் குடியேறிய நாம், லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் தேடி வாங்கும்போது, இந்த உருளைக்கிழங்கையும் கீரையையும் கூடவே வாங்கி வருகிறோம். அவை எந்த மண்ணில் விளைந்தன என்று நாம் கேட்பதில்லை. இன்று அதனைச் சிறிது கேட்டுப் பார்ப்போம்.

நிலத்தை அதன் இயல்பு நோக்கிப் பிரித்துக் காண்பது தமிழர்க்குப் புதிதன்று. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என்று நிலத்துக்குப் பெயரிட்டு, அந்தந்த நிலத்தின் மரத்தையும் உணவையும் தொழிலையும் முறைப்படுத்தி வைத்தனர் நம் முன்னோர். உழவரோ இன்னும் நுணுகிச் செம்மண், கரிசல், வண்டல், இருவாட்டி, களர், உவர் எனப் பகுத்தனர். அந்தக் கண்ணோடு வங்காளத்தைப் பார்க்கும்போது முதலில் நமக்கு வியப்பூட்டுவது ஒன்று உண்டு. கொல்கத்தாவைச் சுற்றிப் பல கல் தொலைவுக்குக் கல்லே இல்லை. மலை இல்லை, பாறை இல்லை, ஒரு கூழாங்கல்லைக் காண்பதும் அரிது. ஆகவேதான் இந்நாட்டார் கோயிலையும் சுட்ட செங்கல்லால் எழுப்பினர். ஹூக்ளி மாவட்டத்துப் பான்ஸ்பேரியாவில் 1679இல் கட்டப்பெற்ற அனந்த வாசுதேவர் கோயிலில், சிற்பங்கள் அனைத்தும் மண்ணைச் சுட்டுச் செய்தவையே.

காரணம் யாதெனில், இந்நிலம் முழுவதும் நீர் கொண்டுவந்து இட்ட நிலம். இமயத்தினின்று கங்கையும், சோட்டா நாகபுரி மேட்டினின்று தாமோதரமும் சுமந்து வந்த வண்டல் பன்னெடுங்காலமாகப் படிந்து படிந்து இந்த மண் உண்டாயிற்று. மண் நீரின் படைப்பு என்னும் உண்மையை இங்குப் போல் தெளிவாகக் காட்டும் இடங்கள் சிலவே. அந்த நீர் நன்னீராக இருந்த இடத்தில் ஒரு மண். நகரின் கழிவுநீராக இருந்த இடத்தில் வேறொரு மண். கடலின் உவர்நீராக இருந்த இடத்தில் மற்றொரு மண். கோலே மார்க்கெட்டில் நாம் கண்ட மூன்று வகைக் கூடைகளும் இம்மூன்று மண்ணிலிருந்து வந்தவையே. இம்மூன்றையும் முறையே காண்போம்.

முதலாவது, ஹூக்ளி மாவட்டத்தின் நன்னீர் மண். ஆறு கரை புரண்டு ஓடும்போது நீரின் வேகம் கரையருகே சட்டென்று குறைகிறது. கனமான மணலும் பொடிமணலும் அங்கேயே படிந்துவிடுகின்றன. நுண்ணிய களி மட்டும் நீரோடு நெடுந்தூரம் சென்று, தாழ்ந்த நிலத்தில் தேங்கி, மெல்லப் படிகிறது. ஆகவே ஆற்றங்கரை மேடாகவும், கரையை விட்டு விலகிய நிலம் பள்ளமாகவும் அமைகின்றன. மேட்டில் மணலும் களியும் அளவோடு கலந்த இருவாட்டி மண். பள்ளத்தில் கனத்த களிமண். வங்காள உழவர் முன்னதைத் ‘தோஆஷ்’ என்றும், பின்னதை ‘எண்டேல்’ என்றும் வழங்குவர். தாழ்ந்த நெல்வயலுக்கு ‘ஷாலி’ என்றும், பல பயிர் விளையும் மேட்டு நிலத்துக்குச் ‘சுனா’ என்றும் நிலப்பதிவேடுகளிலேயே பெயருண்டு. ‘சாலி’ என்னும் சொல் நெல்லைக் குறித்துத் தமிழிலும் வழங்குவதை எண்ணும்போது, மொழி வேறாயினும் உழவின் உறவு ஒன்றென்பது புலனாகிறது.

மண்ணின் இவ்வேறுபாட்டைப் பயிர்கள் நன்கு அறியும். வேரடியில் நீர் தேங்கினால் உருளைக்கிழங்கு அழுகிவிடும். கனத்த களியில் கிழங்கு பருக்க இடமில்லை. எனவே தாரகேசுவரம், சிங்கூர், தனியாகாலி ஆகிய ஊர்களின் இருவாட்டி நிலங்களே அதற்கு உகந்தவை. மழைக்காலத்தில் நடப்பெற்ற ‘ஆமன்’ நெல் அறுவடையானதும், நவம்பர் திங்களில் கிழங்கை ஊன்றுவர். பிப்ரவரி, மார்ச்சு திங்களில் தோண்டி எடுப்பர். விதைக்கிழங்கு பெரும்பாலும் பஞ்சாபிலிருந்து வருகிறது. கிழங்குக்கு இட்ட உரத்தின் மிச்சத்திலேயே அடுத்து எள் விளைந்துவிடும். சில நிலங்களில் சணல் வரும். இவ்வாறு ஓராண்டில் ஒரே நிலம் இருமுறையும் மும்முறையும் பயன் தருகிறது. இந்திய நாட்டில் உருளைக்கிழங்கு விளைவில் உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த இடம் மேற்கு வங்காளத்துக்கு உரியது. அதில் ஹூக்ளியின் பங்கு பெரிது.

சணலைப் பற்றியும் ஒரு சொல் கூற வேண்டும். 1855இல் இம்மாவட்டத்து ரிஷ்ராவில்தான் இந்நாட்டின் முதல் சணல் ஆலை எழுந்தது. 1947இல் நாடு பிரிந்தபோது ஆலைகள் இந்தியாவிலும், சணல் வயல்களிற் பெரும்பகுதி கிழக்கு வங்காளத்திலுமாக நின்றன. ஆலைகளுக்கு நார் வேண்டி, இப்பக்கத்து உழவர் தம் நெல் நிலங்களிற் பலவற்றைச் சணலுக்கு மாற்றினர். நான்கு திங்களில் ஆள் உயரத்துக்கும் மேலாக வளரும் இச்செடி, வளரும்போதே இலைகளை உதிர்த்து மண்ணுக்கு எருவாக்குகிறது. எடுப்பதோடு கொடுக்கவும் செய்யும் பயிர் அது.

நேயர்களே, இவ்வளவு வளத்துக்கும் முதல் எங்கிருந்து வந்தது என்பதை நினைக்க வேண்டும். எகிப்திய நீர்ப்பாசனத்தில் பேர்பெற்ற பொறியியலறிஞர் வில்லியம் வில்காக்ஸ் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் சொற்பொழிவுகள் ஆற்றினார். தாமோதரத்தின் செந்நிற வெள்ளத்தைக் கால்வாய்களில் அளவோடு பாய்ச்சி வயலுக்கு வண்டலூட்டும் பாசன முறை இந்நாட்டில் முற்காலத்தில் இருந்ததென்றும், கரைகள் அடைக்கப்பட்டபின் நிலம் மெலிந்ததென்றும், வயலில் மீன் வாராமையால் கொசு பெருகி மலேரியா மிகுந்ததென்றும் அவர் வாதிட்டார். அவர் கூற்று முழுவதையும் எல்லோரும் ஒப்பவில்லை. ஆயினும் மண்ணுக்கும் வெள்ளத்துக்கும் உள்ள உறவை அவர் எடுத்துக்காட்டியது இன்றும் சிந்திக்கத் தக்கது.

வெள்ளத்தை அவ்வாறே விட்டுவிடலாம் என்று கூறுவார் எவருமிலர். 1943இல் தாமோதரம் பெருகி உயிருக்கும் உடைமைக்கும் பெருங்கேடு விளைத்தது. அதன் பின்னரே, 1948இல் தாமோதரப் பள்ளத்தாக்குக் கழகம் தோன்றியது. திலையா, கோனார், மைதோன், பாஞ்சேத் என்னும் நான்கு அணைகள் 1953 முதல் 1959 வரை எழுந்தன. வெள்ளத்தின் கொடுமை தணிந்தது; கோடையிலும் நீர் கிடைத்தது. ஆனால் வண்டலின் பெரும்பகுதி அணைகளுக்குப் பின்னே தங்கிவிட்டது. ஆறு இலவசமாகத் தந்ததை இன்று உழவர் உரமூட்டையில் விலைக்கு வாங்குகின்றனர். உருளைக்கிழங்கோ உரத்தை மிகுதியாக வேண்டும் பயிர். வேதியுரம் மட்டுமே ஆண்டுதோறும் இட்டுவரின் மண்ணிலுள்ள மக்கு குறையும். மக்கு குறைந்தால் மண்ணின் பதமும் குறையும்.

மண் எவ்வளவு மெல்லிய பொருள் என்பதைச் சிங்கூர் நமக்குக் கற்பித்தது. மோட்டார் வாகனத் தொழிற்சாலைக்கென 2006இல் அங்கே 997 ஏக்கர் நிலம் எடுக்கப்பட்டது. கிளர்ச்சிகளுக்குப் பின் 2008இல் அத்தொழிற்சாலை குஜராத்துக்குச் சென்றது. நிலத்தை உரியவர்களிடம் திருப்பித் தருமாறு 2016 ஆகஸ்டு 31இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அதன் அரசியலுக்குள் நாம் புக வேண்டுவதில்லை. மண்ணைப் பற்றியது மட்டும் நம் பேச்சு. கட்டடங்களை இடித்தனர், கான்கிரீட்டை அகற்றினர், கடுகு விதைத்தனர். ஆயினும் எல்லா வயலும் பழைய வயலாக மீளவில்லை. ஏனெனில், பயிரை வளர்ப்பது மேலுள்ள ஒரு சாண் மண். அதிலேதான் வேரும், மண்புழுவும், கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி நுண்ணுயிர்களும் வாழ்கின்றன. அதனை மேடிட்டு மூடி, எந்திரங்களால் இறுக்கி, செங்கல் துண்டுகளோடு கலந்துவிட்டால், நிலத்தின் உரிமை ஓராணையில் திரும்பும். மண்ணின் உயிர் அவ்வாறு திரும்புவதில்லை.

இனி இரண்டாவது மண்ணுக்கு வருவோம். ஆற்றங்கரை மேடாகவும் அப்பால் பள்ளமாகவும் இருக்கும் என்றோம் அல்லவா? கொல்கத்தா நகரும் அத்தகைய கரைமேட்டின்மேல் அமைந்ததே. ஆதலால் நகரின் சாய்வு ஆற்றை நோக்கியதன்று. ஆற்றுக்கு எதிர்ப்புறமாகக் கிழக்கு நோக்கியது. இதனை அறிந்தே 19ஆம் நூற்றாண்டில் நகரின் சாக்கடைகளைக் கிழக்கே உப்பு ஏரிகளின் பக்கம் திருப்பினர். குப்பையையும் அங்குள்ள தாபாவிலேயே கொட்டினர். அக்காலத்தில் வித்யாதரி ஆறு கடல்நீரை அந்த ஏரிகளுக்குள் கொணர்ந்தது. அந்த ஆறு மெல்லத் தூர்ந்தது. 1928இல் நகரின் வடிகாலாகப் பயன்படாதென அரசு அறிவித்தது. உப்புநீர் நின்றது, கழிவுநீர் வந்தது. அறிந்தோர் எவரும் அது அழுகி நாறும் சதுப்பாக முடியுமென்றே எண்ணியிருப்பர்.

ஆனால் அங்கு வாழ்ந்த மீனவரும் உழவரும் வேறு வழி கண்டனர். கழிவுநீரை ஆழமில்லாத அகன்ற ஏரிகளில் அளவறிந்து விட்டனர். இவற்றைப் ‘பேரி’ என்பர். வெயில் அடிவரை பாய்வதால் அந்நீரில் நுண்பாசி செழித்து வளர்கிறது. பாசி உயிர்வளியைத் தருகிறது. அதனைக் கொண்டு நுண்ணுயிர்கள் கழிவைச் சிதைக்கின்றன. பாசியை ரோகு, கட்லா முதலிய மீன்கள் உண்கின்றன. கரையோரம் வளர்க்கும் ஆகாயத்தாமரை, அலை கரையை அரிக்காமல் காக்கிறது. மீன் ஏரியினின்று வெளிவரும் தெளிந்த நீர் நெல்வயலுக்குப் பாய்கிறது. குப்பை மேடுகளின் இடையே, மக்கிய குப்பை மண்ணில் காலிஃபிளவரும், கத்தரியும், மக்காச்சோளமும், பலவகைக் கீரைகளும் ஆண்டு முழுவதும் விளைகின்றன. எந்திரமும் மின்விசையும் இன்றி நகரின் அழுக்கை உணவாக்கும் பெரியதோர் ஆலை இது.

இதன் அருமையை உலகறியச் செய்தவர் துருபஜோதி கோஷ் என்னும் பொறியியலர். நகரின் கழிவுநீர் எங்கே போகிறது என்று தேடிச் சென்ற அவர், பல ஆண்டுகள் அம்மக்களோடு பழகி அவர்களுடைய அறிவை எழுதிவைத்தார். 1992இல் கல்கத்தா உயர்நீதிமன்றம் அந்நிலங்களைப் பிற பணிகளுக்கு மாற்றுவதற்குத் தடை விதித்தது. 2002 ஆகஸ்டில் 12,500 ஹெக்டேர் பரப்புள்ள கிழக்குக் கொல்கத்தா ஈரநிலம், ராம்சார் உடன்படிக்கையின்படி உலகச் சிறப்புடைய ஈரநிலமாக ஏற்கப்பட்டது. 2006இல் அதற்கெனத் தனிச்சட்டமும் இயற்றப்பட்டது. 2018இல் கோஷ் மறைந்தார்.

சட்டம் இருந்தும் இந்த மண்ணுக்கு அச்சம் நீங்கவில்லை. அச்சம் இரு வகைத்து. ஒன்று, கட்டடங்கள். ஏரியைத் தூர்த்தால் மனைக்கு விலை மிகுதி. மீனுக்கு அவ்வளவு விலையில்லை. மற்றொன்று, கழிவிலேயே கலந்து வரும் நஞ்சு. வீட்டுக் கழிவை நுண்ணுயிர் சிதைக்கும். தோல் பதனிடும் சாலைகளின் குரோமியத்தையும், மின்கலங்களின் ஈயத்தையும் எந்த நுண்ணுயிரும் சிதைக்க இயலாது, அவை மண்ணிலே தங்கும், கீரையில் ஏறும். 1996இல் உச்ச நீதிமன்றம் தோல் சாலைகளை நகரினின்று அகற்ற ஆணையிட்டது. எனினும், முன்பு சேர்ந்த உலோகம் மண்ணைவிட்டு எளிதில் போவதில்லை. ஆகவே தாபாவின் கீரையைக் குறைகூறுமுன், நாம் வீட்டிலும் பட்டறையிலும் சாக்கடையில் எதனைக் கொட்டுகிறோம் என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். அம்மண் நம் கணக்கேடு. நாம் எழுதியதையே அது திருப்பிக் காட்டுகிறது.

மூன்றாவது, தெற்கே சுந்தரவனத்தின் உவர்மண். கானிங் வரை ரயிலில் சென்று, அப்பால் படகேறினால் கோசாபா முதலிய தீவுகளை அடையலாம். 1903இல் ஸ்காத்லாந்தைச் சேர்ந்த டேனியல் ஹாமில்டன் என்பார் அங்கே காட்டு நிலத்தைப் பெற்று, உழவரைக் குடியேற்றிக் கூட்டுறவுச் சங்கங்களை ஏற்படுத்தினார். 1932இல் இரவீந்திரநாத் தாகூர் அங்கு சென்று அம்முயற்சியைக் கண்டார். ஆனால் அந்நிலத்தில் ஒரு குறை தொடக்கத்திலேயே இருந்தது. ஆறும் கடலும் சேர்ந்து அத்தீவுகளை இன்னும் உயர்த்தி முடிக்கவில்லை. அதற்குள் மனிதர் கரை கட்டிவிட்டனர். வயலில் படிய வேண்டிய வண்டல் ஆற்றின் அடியிலேயே படிந்தது. ஆகவே இன்று கடலேற்றத்தின்போது, வெளியே நீர் உயர்ந்தும் உள்ளே வயல் தாழ்ந்தும் இருக்கின்றன. இடையே மண்கரை மட்டுமே காவல். சுந்தரவனத்தில் அத்தகைய கரைகள் ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் நீளமுள்ளவை.

அம்மண்ணின் இயல்பு பருவந்தோறும் மாறும். சூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் பெருமழை மேல்மண்ணின் உப்பைக் கழுவிக் கீழே இறக்கிவிடுகிறது. அப்போது ஆமன் நெல் நன்கு விளைகிறது. மழை நின்றதும் வெயில் மண்ணை உலர்த்துகிறது. திரியில் எண்ணெய் ஏறுவது போல, ஆழத்திலுள்ள உவர்நீர் மண்ணின் நுண்துளைகளில் ஏறி மேலே வருகிறது. நீர் ஆவியாகிவிட, உப்பு மட்டும் வெள்ளைப் பொருக்காகப் பூத்து நிற்கிறது. ஆதலால் நெடுங்காலம் அங்கே ஒரு போகமே வழக்கம். அறுவடைக்குப்பின் நிலமும் சும்மா கிடக்கும். உழவரும் வேலை தேடி வெளியூர் செல்வர். நெற்கதிர் முற்றும்போதே ஊடே தூவிவிடும் கேசரிப் பருப்பும், சிறிது மிளகாயும், தர்பூசணியும் மட்டும் விதிவிலக்கு.

2009 மே 25இல் ஐலாப் புயல் அடித்தது. கரைகள் உடைந்தன, கடல்நீர் வயல்களில் புகுந்து தேங்கியது. அதன்பின் உயர்விளைச்சல் நெல் பல இடங்களில் முளைத்தும் கருகியது. அப்போதுதான் பலருக்குப் பாட்டன் காலத்து விதைகள் நினைவுக்கு வந்தன. நோனா போக்ரா, தால்முகூர், மாத்லா, ஹாமில்டன் என அவற்றுக்குப் பெயர். விளைச்சல் குறைவென்று கைவிடப்பட்ட அந்நெல்லினங்களுக்கு உப்பைத் தாங்கும் ஆற்றல் உண்டு. சிலர் அவற்றை அழியாமல் காத்து வைத்திருந்தமையால் அவை மீண்டும் வயலுக்கு வந்தன. ஐலாவுக்கு நான்காண்டு முன்னரே, 2005இல், நோனா போக்ராவில் உப்பைத் தண்டினின்று விலக்கி வைக்கும் மரபணு ஒன்றைச் சீன அறிவியலறிஞர் கண்டறிந்திருந்தனர். உழவர் கண்டதற்கு அறிவியல் காரணம் கூறியது.

கானிங்கில் மத்திய உவர்மண் ஆராய்ச்சி நிலையத்தின் கிளை ஒன்று உள்ளது. அது உழவர்க்குக் கூறும் முறை எளியது. நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் குளமாக வெட்டுக. வெட்டிய மண்ணை எஞ்சிய நிலத்தில் இட்டு மேடாக்குக. குளத்தில் மழைநீர் தேங்கும், மீன் வளரும், மேட்டில் உப்பு எளிதில் ஏறாது, குளிர்காலத்தில் காய்கறி விளையும். மற்றொரு முறையும் இப்போது பரவி வருகிறது. நெல் அறுத்த ஈரம் காயுமுன், உழாமலே உருளைக்கிழங்கை மண்மேல் வைத்து, வைக்கோலால் நன்றாக மூடிவிடுகின்றனர். வைக்கோல் ஈரத்தைக் காக்கிறது. ஈரம் காயாததால் உப்பும் மேலேறவில்லை. ஹூக்ளியின் பயிர் கோசாபாவின் உவர்மண்ணிலும் விளைகிறது. ஆனால் 2020இல் ஆம்பனும், 2021இல் யாசும் மீண்டும் கரைகளை உடைத்தன. கடல்மட்டமும் உயர்ந்து வருகிறது. குளத்தையும் மேட்டையும் ஒரே இரவில் உப்பாக்கும் ஆற்றல் கடலுக்கு இருக்கிறது என்பதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை.

இம்மூன்று மண்ணையும் சேர்த்து நோக்கும்போது ஒரு செய்தி தெளிவாகிறது. ஹூக்ளியில் வண்டலினின்று வயலைப் பிரித்தோம். தாபாவில் கழிவோடு நஞ்சைக் கலந்தோம். சுந்தரவனத்தில் நிலம் உயருமுன் நீரைத் தடுத்தோம். ஒவ்வோரிடத்திலும் நீரின் வழியை மாற்றியதற்கு நல்ல காரணம் இருந்தது. ஆயினும் நீரின் வழியை மாற்றுவோர் மண்ணையும் மாற்றிவிடுகின்றனர் என்பதை முன்கூட்டியே எண்ணினார் குறைவு. இனி அணையும் கரையும் இன்றி வாழ இயலாது. நீர் தந்துவந்ததை நம் கையால் திருப்பித் தர வேண்டும் என்பதே இதன் முடிவு. மக்கெருவும் பசுந்தாளுரமும் இடுதல், உரமிடுமுன் மண்ணைச் சோதித்து அறிதல், நச்சுக் கழிவைத் தனியே பிரித்தல், மழைநீரை வயலிலேயே தேக்குதல், பழைய விதைகளைப் போற்றுதல் ஆகியவை அந்தக் கடனைத் தீர்க்கும் வழிகள்.

இது வங்காளத்தின் கதை மட்டுமன்று. காவிரியின் வண்டல் 1934 முதல் மேட்டூர் அணையில் தங்குகிறது. சென்னையின் குப்பை பள்ளிக்கரணைச் சதுப்பில் சென்று குவிந்தது. அச்சதுப்பும் 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. 2004இன் ஆழிப்பேரலை நாகப்பட்டினத்து வயல்களை உவராக்கியது. கோடையில் ஏரி வற்றியதும் அதன் வண்டலை வண்டியிலேற்றி வயலுக்கு அடிப்பது நம் ஊர்களில் பழைய வழக்கம். நீர் கொணர்ந்த மண்ணை நிலத்துக்கே திருப்பித் தரவேண்டும் என்று அறிந்தவர்கள் நம் பாட்டன்மார். அந்த அறிவை நாமும் மறவாதிருப்போமாக.

நாளைக் காலை சந்தைக்குச் செல்லும்போது, கையில் எடுக்கும் உருளைக்கிழங்கில் சிறிது மண் ஒட்டியிருக்கக் கூடும். அதனைத் தட்டிவிடுமுன் ஒரு கணம் பார்ப்போம். இமயத்தின் ஒரு துகள் அதில் இருத்தல் கூடும்.